வீட்டுக் கணனியின் திறப்பு யாரிடம்?

சென்ற காலபோக விதைப்புக்கு முன்னர், மீளக் குடியேறிய கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். தகரக் கூரையும் அரைச் சுவரும் கொண்ட சிறிய வீடு. தாயும், உயர்தரம் படிக்கும் மகனும், இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கு வாழ்கின்றனர். வெளிநாட்டில் இருக்கும் தாயின் தம்பி அனுப்பிய காசில், பாவித்த மடிக்கணனி ஒன்றை ரவுண் கடையில் வாங்கியிருந்தார்கள். மகனின் படிப்புக்கென்று வாங்கிய அக்கணனி, காலப்போக்கில் வீட்டின் அலுமாரியாகவும் மாறிவிட்டது. இடப்பெயர்வில் தொலைந்த காணி உறுதிக்குப் பதிலாகப் பதிவகத்தில் எடுத்த பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், கமநல சேவை நிலையத்துக் கடிதங்கள் எல்லாவற்றையும் மகன் கைத்தொலைபேசியால் படம் பிடித்து அதில் சேர்த்து வைத்திருந்தான்.

பிரதேச செயலகத்தில் கொடுப்பதற்கு உறுதிப் பிரதி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. எமது நிலையத்தில் இருந்த பழைய அச்சுப்பொறியைக் கொண்டு சென்றோம். அதற்குரிய மென்பொருளைக் கணனியில் ஏற்ற முயன்றபோது திரை மங்கியது. நடுவில் ஒரு பெட்டி தோன்றி, நிருவாகியின் கடவுச்சொல்லைத் தரும்படி கேட்டது. மகன் தனது கடவுச்சொல்லைக் கொடுத்தான். கணனி அதை ஏற்கவில்லை. பெட்டியில் காணப்பட்ட பெயரை அப்போதுதான் கவனித்தோம். அது கணனியை விற்ற கடையில் வேலை செய்த பொடியனின் பெயர். அவன் கட்டாருக்குப் போய்ப் பல மாதங்களாகிவிட்டன. கடையும் பூட்டப்பட்டுவிட்டது.

தாய் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "சுவாமி, காசு குடுத்து வாங்கினது நாங்கள். வைச்சிருக்கிறதும் எங்கட வீட்டிலை. ஆனால் திறப்பு வேறை ஆரிட்டையோ இருக்கு. காணி மாதிரித்தான் இதுவும்" என்றார்.

அன்றைய தேவை எப்படியோ நிறைவேறியது. படத்தைப் பென்ட்ரைவ் ஒன்றில் எடுத்துச் சென்று வேறோர் இடத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். ஆனால் அத்தாயின் சொல் எம்மை விட்டு அகலவில்லை. தனது பொருளின் திறப்பு பிறர் கையில் இருப்பதன் வேதனையை எமது மக்களுக்கு எவரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் கணனியைப் பொறுத்தவரையில், அப்படி ஒரு திறப்பு இருப்பதே எம்மில் பலருக்குத் தெரியாது. அதனைப் பற்றியே இங்கு சிந்திக்கப் போகின்றோம்.

மதகும் வயலும்

குளத்து நீரில் பயிர்செய்த எவருக்கும் ஒன்று தெரியும். தன் வயலுக்கு வரும் நீரை வரம்பு வெட்டி விடவும் மறிக்கவும் ஒவ்வொரு கமக்காரனுக்கும் உரிமை உண்டு. எந்த மூலையில் நாற்றுப் போடுவது, எந்த நெல்லை விதைப்பது என்பதும் அவனுடைய விருப்பம். ஆனால் குளத்தின் மதகைத் திறப்பது வேறு காரியம். அதைத் தவறாகத் திறந்தால் ஒருவனின் வயல் மாத்திரமன்றி, அந்த வாய்க்காலை நம்பியிருக்கும் அனைவரின் வயலும் அழியும். ஆகவேதான் மதகுத் திறப்பு எல்லாரிடமும் இருப்பதில்லை. கூட்டம் கூடித் தீர்மானித்து, பொறுப்பான ஒருவரின் கையில் கொடுக்கின்றோம்.

கணனியிலும் இந்த ஒழுங்கு உண்டு. ஒரு கணனியைப் பலர் பாவிக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு திறக்கலாம். வங்கிக் கணக்கைப் போல அதற்கு ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் இருக்கும். இக்கணக்குகள் இரண்டு வகைப்படும். ஒன்று சாதாரண பாவனையாளர் கணக்கு. மற்றையது நிருவாகி கணக்கு. ஆங்கிலத் திரையில் முதலாவது 'ஸ்ராண்டர்ட் யூசர்' என்றும் இரண்டாவது 'அட்மினிஸ்ரேற்றர்' என்றும் காணப்படும்.

சாதாரண பாவனையாளர் தன் வயலில் வேலை செய்பவரைப் போன்றவர். கடிதம் எழுதலாம், படம் பார்க்கலாம், இணையத்தில் தேடலாம், தன் கோப்புகளைச் சேமிக்கலாம், தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றலாம், தன் திரையின் படத்தையும் நிறத்தையும் விரும்பியபடி அமைக்கலாம். அன்றாட வேலைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும்.

நிருவாகியின் கையில் மதகு இருக்கின்றது. கணனி முழுவதற்குமான மென்பொருளை நிறுவவும் நீக்கவும் அவரால் முடியும். புதிய கணக்குத் திறக்கலாம். இருக்கும் கணக்கை அழிக்கலாம். மற்றவர்களின் கடவுச்சொல்லை மாற்றலாம். வைரஸ் காவல் மென்பொருளை நிறுத்தலாம். கணனி இயங்குவதற்கு ஆதாரமான கோப்புகளைத் தொடலாம். மற்றவர்களுடைய கோப்புறைகளையும் அவர் விரும்பினால் திறந்து பார்க்கலாம்.

இந்த வேலி எங்கிருந்து வந்தது?

பெரிய நிறுவனங்களில் ஒரே கணனியைப் பலர் பாவித்த காலத்திலேயே இந்த ஏற்பாடு தோன்றிவிட்டது. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில், எல்லா அதிகாரமும் கொண்ட கணக்குக்கு 'றூட்' என்று பெயர். அதன் பொருள் வேர். வேரில் கை வைப்பவன் மரம் முழுவதையும் தொடுகின்றான் அல்லவா? 1975 இல் ஜெரோம் சோல்ற்சர், மைக்கல் ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு விதியைத் தெளிவாக எடுத்துரைத்தனர். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பாவனையாளரும் தமது வேலைக்குத் தேவையான ஆகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்க வேண்டும் என்பதே அவ்விதி. ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் கணனிப் பாதுகாப்பின் அடித்தளமாக அது நிற்கின்றது.

ஆனால் வீட்டுக் கணனிகள் நெடுங்காலம் இவ்விதியைப் பொருட்படுத்தவில்லை. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பெட்டி வரும். அதை இரத்துச் செய்துவிட்டே உள்ளே போகலாம். உள்ளே போன எவரும் எதையும் செய்யலாம். வேலியில்லாத வளவு என்றே சொல்ல வேண்டும். அலுவலகங்களுக்கென்று 1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்ரி இல் மட்டுமே நிருவாகி, சாதாரண பாவனையாளர் என்னும் வேறுபாடு உறுதியாக இருந்தது.

2001 ஒக்ரோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்த வேலியை வீட்டுக்கும் கொண்டுவந்தது. ஆனால் படலையைத் திறந்தே விட்டிருந்தது. கணனியை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்குகள் எல்லாம் நிருவாகி கணக்குகளாகவே இருந்தன. வீட்டிலுள்ள அனைவரும், சின்னப் பிள்ளை உட்பட, மதகுத் திறப்புடன் திரிந்தனர். 2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்ராவில்தான், பெரிய மாற்றம் ஒன்றைச் செய்யுமுன் திரையை மங்கச் செய்து அனுமதி கேட்கும் முறை வந்தது. அது அடிக்கடி கேட்டதால் மக்கள் சலிப்படைந்தார்கள். 2009 இல் வந்த விண்டோஸ் 7 இல் அந்தக் கேள்விகள் குறைக்கப்பட்டன. இன்றைய விண்டோஸ் 11 இலும் அம்முறையே தொடர்கின்றது.

லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு, 2004 இல் வெளிவந்த நாள் முதல் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றது. 'றூட்' கணக்கை அது பூட்டியே வைத்திருக்கின்றது. நிருவாக வேலை ஒன்று வந்தால், அதற்கு உரிமையுள்ளவர் தனது கடவுச்சொல்லைக் கொடுத்து அந்த வேலைக்கு மட்டும் அதிகாரத்தைப் பெறுகின்றார். வேலை முடிந்ததும் மதகு மூடப்படுகின்றது.

அதிகாரம் எமக்கு மட்டுமா கிடைக்கின்றது?

இங்கு ஒரு கேள்வி எழலாம். "இது எமது வீட்டுக் கணனி. எமக்கு எல்லா அதிகாரமும் இருப்பதில் என்ன பிழை?" நியாயமான கேள்வி.

இதற்கான விடையே இக்கட்டுரையின் மையம். கணனியில் நாம் ஒரு மென்பொருளை இயக்கும்போது, எமது அதிகாரம் அந்த மென்பொருளுக்கும் போய்ச் சேருகின்றது. நாம் சாதாரண பாவனையாளராக இருந்தால் அது சாதாரண அதிகாரத்துடன் இயங்கும். நிருவாகியாக இருந்து அனுமதியும் கொடுத்துவிட்டால், அது நிருவாகியாகவே இயங்கும். கூலிக்கு வந்த ஒருவரிடம் வயலை உழச் சொல்வதும், வீட்டின் எல்லாத் திறப்புகளையும் கொடுத்து உழச் சொல்வதும் ஒன்றாகுமா? வந்தவர் நல்லவராயின் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கள்வராயின் தெரியவரும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டு, காசு கொடுக்காமல் பாவிக்க வழிசெய்யும் திருட்டு மென்பொருள், நண்பர் ஒருவர் பென்ட்ரைவில் தந்த ஏதோ ஒன்று என்று பல வடிவங்களில் இந்தக் கள்வர் வருகின்றனர். நிருவாகியின் அதிகாரம் கிடைத்தால் அவர்கள் முதலில் செய்வது காவல்நாயைக் கட்டிப்போடுவதுதான். வைரஸ் காவலை நிறுத்திவிடுவார்கள். பின்பு கணனியின் ஆதாரக் கோப்புகளுக்குள் ஒளிந்துகொள்வார்கள். வீட்டிலுள்ள எல்லாரது கணக்குகளையும் கவனிப்பார்கள். தட்டப்படும் கடவுச்சொற்களைக்கூடப் பதிவு செய்வார்கள். சாதாரண கணக்கில் புகுந்த கள்வனுக்கு அந்த ஓர் அறை மட்டுமே அகப்படும். அவனை அடையாளம் கண்டு வெளியேற்றுவதும் எளிது.

எனினும் உண்மையை மறைக்கக்கூடாது. சாதாரண கணக்கு எல்லா ஆபத்தையும் தடுப்பதில்லை. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்னும் நச்சு நிரல், காதல் கடிதம் போன்ற மின்னஞ்சலாக வந்தது. திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்திலிருந்து மற்றவர்களுக்குத் தன்னைத்தானே அனுப்பியது. அவர்களின் படக்கோப்புகளின் மேல் தன்னை எழுதி அவற்றை அழித்தது. ஒருவருடைய சொந்தப் படங்களை அழிப்பதற்கு நிருவாகியின் அதிகாரம் தேவையில்லை. தன் வயலைத் தானே கொளுத்த மதகுத் திறப்பு எதற்கு?

2017 மே 12 ஆந் திகதி பரவத் தொடங்கிய 'வன்னாகிறை' இன்னொரு பாடத்தைத் தந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் கணனிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் பல அதனால் தடுமாறின. எவரும் எதையும் திறக்காமலே, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்னரே, அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதை ஏற்றாத கணனிகளே பாதிக்கப்பட்டன.

ஆகவே மூன்று காவல்கள் சேர்ந்தே இருத்தல் வேண்டும். முதலாவது, அன்றாடம் சாதாரண கணக்கைப் பாவித்தல். இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாது ஏற்றுதல். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவடைந்துவிட்டது என்பதையும், பாவித்த கணனி வாங்குவோர் மனதிற் கொள்ளவேண்டும். மூன்றாவது, முக்கியமான கோப்புகளின் பிரதியைக் கணனிக்கு வெளியே வைத்தல். காணாமற்போன ஒருவரின் கடைசிப் படம் ஒரேயொரு கணனியில் மட்டும் இருக்கும் வீடுகளை நாம் அறிவோம். அத்தகைய வீட்டில் இரண்டு பென்ட்ரைவில் பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பது விதைநெல்லை இரண்டு இடத்தில் வைப்பதற்குச் சமம்.

மங்கும் திரையில் வரும் கேள்வி

திரை மங்கி ஒரு பெட்டி வரும்போது பலர் எரிச்சலுடன் 'ஆம்' என்பதை அழுத்திவிடுகின்றனர். நாமும் அப்படிச் செய்தவர்களே. அப்பெட்டி என்ன கேட்கின்றது என்பதை விளங்கிக்கொண்டால் அந்தப் பழக்கம் மாறும்.

நிருவாகி கணக்கில் இருப்பவரிடம் 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடையை மட்டும் அது கேட்கும். நிருவாகியாக நுழைந்திருந்தாலும், விண்டோஸ் அவரைச் சாதாரண அதிகாரத்துடனேயே உலாவ விடுகின்றது. முழு அதிகாரத்தை மடியில் முடிந்து வைத்திருக்கின்றது. 'ஆம்' என்றதும் அந்த முடிச்சை அவிழ்த்து, குறித்த மென்பொருளின் கையில் கொடுக்கின்றது. சாதாரண கணக்கில் இருப்பவரிடமோ, நிருவாகியின் கடவுச்சொல்லையே கேட்கும். வீட்டில் நிருவாகியாக இருப்பவர் வந்து, பார்த்து, தட்டிவிட்டுப் போகலாம். பிள்ளைக்கு அந்தக் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி வரும்போது மூன்று கேள்விகளை எமக்குள் கேட்போம். இப்போது ஏதாவது நிறுவுவதற்கு அல்லது மாற்றுவதற்கு நாமாக முயன்றோமா? பெட்டியில் உள்ள மென்பொருளின் பெயர் நாம் எதிர்பார்த்த பெயரா? அதை வெளியிட்டவர் யார் என்று காட்டப்பட்டிருக்கின்றதா, அல்லது அறியப்படாதவர் என்று இருக்கின்றதா? பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அல்லது ஒரு கடிதத்தைத் திறந்தபோது இப்பெட்டி தோன்றினால், விடை 'இல்லை' என்பதே. 'இல்லை' என்பதால் கணனி பழுதாகாது. தேவையான காரியமாயின் மீண்டும் செய்துகொள்ளலாம். 'ஆம்' என்று கொடுத்ததைத் திரும்பப் பெறுவதுதான் கடினம்.

இன்னுமோர் எச்சரிக்கை. பெரிய கணனி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, "உங்கள் கணனியில் வைரஸ் உள்ளது, நாங்கள் சொல்லும் மென்பொருளை ஏற்றி அனுமதி கொடுங்கள்" என்று தொலைபேசியில் கேட்கும் ஏமாற்றுக்காரர் பல நாடுகளிலும் உள்ளனர். அவர்கள் கேட்பது மதகுத் திறப்பையே. வீட்டுக் கணனியில் வைரஸ் இருப்பதாக எந்த நிறுவனமும் தானாக அழைத்துச் சொல்வதில்லை.

வீட்டில் செய்யவேண்டியது

இனி, செய்முறைக்கு வருவோம். விண்டோஸ் 11 இல் 'செற்றிங்ஸ்' என்பதற்குள் 'அக்கவுண்ட்ஸ்' என்னும் பகுதி உண்டு. அங்கு எமது பெயரின் கீழ் நாம் நிருவாகியா இல்லையா என்பது எழுதப்பட்டிருக்கும். அதனுள் 'அதர் யூசர்ஸ்' என்பதில் மற்றக் கணக்குகளைக் காணலாம், புதிதாகச் சேர்க்கலாம், 'சேஞ்ச் அக்கவுண்ட் ரைப்' என்பதன் மூலம் ஒரு கணக்கின் வகையை மாற்றலாம். இவற்றைச் செய்ய நிருவாகியாக இருத்தல் வேண்டும்.

ஒழுங்குமுறை முக்கியம். முதலில், நிருவாகத்துக்கென்று மட்டும் தனியான புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, அதனை நிருவாகி வகையாக மாற்றுங்கள். அதற்கு நல்ல கடவுச்சொல் இடுங்கள். இரண்டாவதாக, இப்போதைய கணக்கிலிருந்து வெளியேறி, புதிய கணக்கினுள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அது திறக்கின்றதா, நிருவாகி என்று காட்டுகின்றதா என்பதைக் கண்ணால் கண்டு உறுதிப்படுத்துங்கள். மூன்றாவதாக, அங்கிருந்தபடியே, நீங்கள் அன்றாடம் பாவிக்கும் பழைய கணக்கைச் சாதாரண வகைக்கு மாற்றுங்கள். உங்கள் கோப்புகள், படங்கள் எல்லாம் பழைய கணக்கில் இருந்தபடியே இருக்கும். எதுவும் இடம்மாறாது. நான்காவதாக, பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சாதாரண கணக்குகள் திறந்து கொடுங்கள்.

இந்த ஒழுங்கை மாற்றிச் செய்து, கடவுச்சொல் தெரியாத ஒரு கணக்கை மட்டும் நிருவாகியாக விட்டுவிட்டால், திறப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். ஒரு கணக்கை அழிக்கும்போதும் அவதானம் தேவை. கணக்கை அதன் தரவுகளுடன் அழித்தால் அதனுள் இருந்த கோப்புகளும் போய்விடும். முதலில் பிரதி எடுத்துவிட்டே அழித்தல் வேண்டும்.

சாதாரண கணக்குக்கு மாறிய முதல் வாரத்தில் அடிக்கடி கடவுச்சொல் கேட்பதுபோலத் தோன்றும். பொறுமையாக இருங்கள். தேவையான மென்பொருள்களை ஏற்றி முடித்ததும் அது அரிதாகிவிடும். தனது கணக்குக்குள் மட்டும் நிறுவக்கூடிய சில மென்பொருள்கள் நிருவாகியைக் கேட்காமலே ஏறும் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நல்லது. வேலி இருக்கின்றது என்பதற்காகப் பிள்ளை என்ன செய்கின்றது என்று பாராமல் விடக்கூடாது.

கடவுச்சொல்லை எங்கே வைப்பது? "எழுதி வைக்காதே" என்று நகரத்து அலுவலகங்களில் சொல்வார்கள். அலுவலக மேசைக்கு அது பொருந்தும். எமது வீடுகளுக்கு நாம் சொல்வது வேறு. நிருவாகியின் கடவுச்சொல்லை ஒரு தாளில் தெளிவாக எழுதி, உறையில் இட்டு, அடையாள அட்டைகளும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அந்தப் பையினுள் வையுங்கள். எமது குடும்பங்கள் பல இடப்பெயர்வுகளைக் கண்டவை. எதை விட்டாலும் அந்தப் பையை விடாமல் தூக்கி ஓடியவர்களுக்கு, இதைவிடப் பத்திரமான இடத்தை நாம் சொல்லித்தர முடியாது. கணக்கு இணைய வழியான மைக்ரோசொப்ட் கணக்காக இருந்தால், அதனுடன் இணைத்த மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் இப்போதும் உங்களுடையவையா என்று பாருங்கள். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பதற்கு அவையே வழி. பழைய சிம் அட்டையைக் கைவிட்ட பலர் இதனாலேயே சிரமப்படுகின்றனர்.

பாவித்த கணனி வாங்கும்போது, கடையை விட்டு வெளியேறுமுன் ஒன்றைச் செய்யுங்கள். கணக்குகளின் பட்டியலைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத நிருவாகி எவரும் அதில் இருத்தல் கூடாது. கடைக்காரர் திருத்துவதற்கென்று திறந்த கணக்கு இருந்தால் உங்கள் முன்னிலையிலேயே நீக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா?

அதிகாரமும் நம்பிக்கையும்

இறுதியாக, கருவியைவிட முக்கியமான ஒன்று. நிருவாகி யாராக இருக்க வேண்டும்?

பெரும்பாலான வீடுகளில் கணனி தெரிந்த பிள்ளையே நிருவாகி. அது இயல்பானது. ஆனால் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கோ, கொழும்புக்கோ, கடல் கடந்தோ போகும் நாள் வரும். திறப்பும் அவருடன் போய்விட்டால், வீட்டில் உள்ளவர்கள் தமது பொருளுக்கே அந்நியராகின்றனர். வேறு சில வீடுகளில் ஆண் ஒருவரே எல்லாவற்றையும் வைத்திருப்பார். மனைவிக்கு ஒன்றும் தெரியாது. குடும்பத்தலைவரைத் திடீரென இழந்து, வங்கிப் புத்தகம் எங்கே, உறுதி எங்கே என்று தேடித் தவித்த பெண்களை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கின்றோம்! ஆகவே நிருவாகியின் கடவுச்சொல்லை வீட்டில் பொறுப்பான இருவர் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களில் ஒருவர் தாயாக இருப்பது நல்லது.

நிருவாகியாக இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. மற்றவர்களின் கோப்புறையைத் திறக்க அவரால் முடியும் என்று முன்னர் கூறினோம். முடியும் என்பதற்காகத் திறக்கலாமா? வளர்ந்த மகளின் கடிதங்களை அண்ணன் வாசிப்பதற்கு இந்த அதிகாரம் தரப்படவில்லை. வட்ட விதானையார் மதகுத் திறப்பை வைத்திருப்பது எல்லா வயலுக்கும் நீர் போய்ச் சேர்வதற்காகவே; தன் வயலுக்கு மட்டும் பாய்ச்சிய விதானையாரை அடுத்த கூட்டத்தில் மாற்றிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பெற்றோர் பார்ப்பது வேறு. அதையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் பார்ப்பதே முறை.

தொடக்கத்தில் சொன்ன வீட்டுக்கு இரு வாரங்களின் பின் மீண்டும் சென்றோம். கடைப் பொடியனுடன் தொடர்புகொள்ள எடுத்த முயற்சி பயனளிக்கவில்லை. எனவே முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு பென்ட்ரைவில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பின்னர் கணனியில் இருந்த அனைத்தையும் அழித்து, புதிதாக மீளமைத்தோம். சில கணனிகளில் வட்டு பூட்டப்பட்டிருந்தால் இதற்கும் ஒரு மீட்புத் திறப்பு இலக்கம் கேட்கப்படும். நல்லவேளையாக இதில் அப்படி இருக்கவில்லை. அரை நாள் சென்றது. மகனுக்கும் தங்கைகளுக்கும் சாதாரண கணக்குகள் திறந்தோம்.

நிருவாகி கணக்குக்குப் பெயர் கேட்டபோது, மகன் தாயின் பெயரைத் தட்டினான். "எனக்கேன் தம்பி உது? எனக்கு எலியைப் பிடிக்கவே தெரியாது" என்று அவர் சிரித்தார். கடவுச்சொல்லை அவரே தெரிவு செய்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பின்பு அதைத் தாளில் எழுதி, மடித்து, உறுதிப் பிரதி இருந்த பையினுள் வைத்தார். அச்சுப்பொறிக்கான பெட்டி மீண்டும் தோன்றியபோது, மகன் கதிரையை விட்டு எழுந்து தாய்க்கு இடம் கொடுத்தான்.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் வீட்டுக் கணனியில், அல்லது உங்கள் கிராமத்துப் பொது நிலையத்தின் கணனியில், எத்தனை நிருவாகிகள் உள்ளனர்? அவர்கள் யார்?

2. அந்தக் கடவுச்சொல்லை அறிந்தவர் நாளை ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

3. உங்கள் குடும்பத்தின் முக்கிய ஆவணங்களின் பிரதிகள் கணனிக்கு வெளியே எங்கு உள்ளன?

4. பொறுப்பில் உள்ளவர் தனக்குள்ள அதிகாரத்தைப் பாவிக்காமல் விடவேண்டிய சந்தர்ப்பங்கள் எவை?